திண்டுக்கல்லில் உயர்ந்த ஹைதர் அலி



பேகம்பூர், பேகம்பூர்னு நாம தினமும் சொல்றோம். அந்தப் பேகம் யார்? ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம்தான். அவருடைய அடக்கத்தலம் நம்ம பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. தங்கை பெயரில் ஊரே இருக்கும்போது, அண்ணனைப் பற்றித் தெரிஞ்சுக்க வேண்டாமா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹைதர் அலி கோலார் பக்கம் புதிக்கோட்டையில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை போரில் இறந்துவிட்டார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபகசக்தி அபாரம்! மைசூர்ப் படையில் சேர்ந்து, 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் வாங்கினார்.

1755-இல் அவரைத் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக, அதாவது படையும் வரிவசூலும் பார்க்கும் அதிகாரியாக அனுப்பினார்கள். அவருக்குத் திருப்புமுனை நம்ம ஊர்தான். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். படையைப் பெருக்கினார். 1761-இல் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. அப்பவும் உடையார் அரசரை அரியணையிலிருந்து இறக்கவில்லை. பெயர் அரசருக்கு, அதிகாரம் ஹைதருக்கு!

1767-இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டது. 1769-இல் குதிரைப்படையோடு சென்னையை நெருங்கிவிட்டார். கும்பினியார் நடுங்கிப்போய் உடன்படிக்கை செய்தார்கள். ஒருவரை எதிரி தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் முக்கியமான பேச்சு. ஆனால் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கும்பினியார் உதவிக்கு வரவே இல்லை. அந்த வாக்குத் தவறியதை ஹைதர் கடைசிவரை மறக்கவில்லை.

1772-இல் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார் நம்ம பக்கத்து விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு ஹைதர் படை கொடுத்து உதவினார். 1780-இல் ராணி சிவகங்கையை மீட்டார். மதம் வேறு, மொழி வேறு, இருந்தும் உதவினார் பாருங்கள்!

அதே 1780-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் மகன் திப்புவும் முறியடித்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தப் படையெடுப்பில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் எரிக்கப்பட்டன. ஒரு பாவமும் அறியாத குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆங்கிலேயருக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பது அவர் திட்டம். பட்டினி கிடந்ததோ நம்ம மக்கள்! ஹைதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் இதை என்னால் சரின்னு சொல்ல முடியல.

1781-இல் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரிடம் தோற்றார். ஆனாலும் போரை விடவில்லை. 1782 டிசம்பர் 7-ஆம் நாள், முதுகில் வந்த ராஜபிளவையால் சித்தூர் அருகே பாசறையிலேயே உயிர் நீத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தங்கை இங்கே, அண்ணன் அங்கே.

நண்பர்களே, பள்ளிக்கூடம் போகாமலேயே ஒரு நாட்டை ஆண்டவர் அவர். நமக்கோ பள்ளிக்கூடம் வாசலிலேயே இருக்கு. அவரிடமிருந்து துணிச்சலை எடுத்துக்குவோம். எரிந்த கிராமங்களையும் நினைவில் வைப்போம். இனி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போது இரண்டையும் நினைச்சுப் பாருங்க!


இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்