காந்தியாரின் மரப்பேழை

1869-இல் போர்பந்தரில் பிறந்த காந்தியார், 1927-இல் நோயுற்றபோது மைசூர் நாட்டு நந்திமலையில் தங்கி உடல் தேறினார். 1932-இன் பூனா ஒப்பந்தத்தால் அன்னார்பால் நமக்குள்ள மனத்தாங்கல் இன்னும் ஆறியதன்று. 1948 ஜனவரி 30-இல் சுடப்பட்டு மாண்டபின் அன்னாரது சாம்பல் பல ஊர்களுக்குப் பகிரப்பட்டது. மைசூரையடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு பங்கு காவிரியிற் கலந்தது. மற்றொரு பங்கோ, மரப்பேழையொன்றில், கட்டக் நகர வங்கிப் பெட்டகத்திற் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது.

புத்த பெருமானின் தாதுக்களை எட்டாகப் பகிர்ந்த துரோணர், வெறுங்கலத்தையே தமக்கெனக் கேட்டுப் பெற்றதை நாம் அறிவோம். அவ்வெறுங்கலத்திற்கும் உரியவர் ஒருவர் இருந்தார். உற்றாரின் சாம்பலுக்கு மரப்பேழை கொள்வோர், மரத்தின் வகையை ஆராயுமுன், அதை எவர் காப்பார், எந்நாள் கரைப்பார் என்று குடும்பத்தில் முடிவு செய்து கொள்க.

கட்டக்கிலிருந்த சாம்பலைக் கொள்ளுப்பேரர் துஷார் காந்தி உச்சநீதிமன்ற ஆணையின்பேரிற் பெற்று, 1997 ஜனவரி 30-இல் அலகாபாத் சங்கமத்திற் கரைத்தார்.