ஒற்றைக்கால் குயவர்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்து, பீங்கான்! அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழில் கற்றுத்தரும் கல்லூரியும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் எல்லாம் அடுத்தடுத்த பட்டறைகளில் தயாராகின்றன.

ஒரே தொழிலைப் பலர் நெருக்கமாக இருந்து செய்தால், ஒருவர் பிழைப்பை மற்றவர் கெடுத்துவிட மாட்டாரா?

இதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர் ஜோசையா வெட்ஜ்வுட்.

அம்மை வந்தது

இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்ற ஊரில் 1730-ம் ஆண்டு பிறந்தார். அங்கே களிமண்ணும் நிலக்கரியும் ஏராளம். அதனால் எங்கு பார்த்தாலும் சூளைகள். வெட்ஜ்வுட்டின் தந்தையும் குயவர்தான்.

சிறு வயதிலேயே தந்தை இறந்தார். அண்ணனிடம் தொழில் கற்றார். பெரியம்மை கண்டு, வலது கால் பழுதாகிவிட்டது. சக்கரத்தை மிதிக்க முடியவில்லை. மனம் தளராமல் மண்ணையும் மெருகுப் பூச்சையும் ஆராய்ந்தார். 1768-ல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். மரக்காலோடு தொழிலை நடத்தினார்.

அரசி வாங்கினார்

பாலாடை நிறத்தில் அவர் செய்த பாத்திரங்களை அரசி சார்லட் வாங்கினார். புகழ் பரவியது. அந்தப் பாத்திரத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்களும் அதைப்போலவே செய்தார்கள்.

அவர் நஷ்டப்பட்டாரா? இல்லை! அந்த வட்டாரச் சரக்குக்கே மதிப்பு உயர்ந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. அவரும் பெரும் செல்வர் ஆனார்.

ஊர் கூடி வெட்டிய கால்வாய்

அந்நாளில் குதிரை முதுகில் சரக்கு போகும். மோசமான பாதையில் பல உடைந்துவிடும். ஒரு பட்டறையால் கால்வாய் வெட்ட முடியுமா? பலர் சேர்ந்தால் முடியும். வெட்ஜ்வுட் முன்னின்று ஆதரவு திரட்டினார். 1766-ல் முதல் மண்ணை அவரே வெட்டினார். 1777-ல் கால்வாய் முடிந்தது. அதன் கரையில் எட்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையையும் கட்டினார்.

நெருக்கத்தால் தொல்லையும் உண்டு. சூளைப் புகை ஊரை மூடியது. தொழில் ரகசியம் எளிதில் வெளியேறியது. ஆகவே சோதனைக் குறிப்புகளை அவர் சங்கேத எழுத்தில் எழுதி வைத்தார்.

1795-ல் காலமானார். அந்தக் குயவர் ஊர்கள் ஆறும் 1910-ல் ஒன்றாக இணைந்தன. அதுவே ஸ்டோக் நகரம்.

பக்கத்துப் பட்டறைக்காரர் போட்டியாளர்தான். ஆனால் அவர் இருப்பதால்தான் வேலை தெரிந்த ஆள் உள்ளூரில் கிடைக்கிறார். வியாபாரி ஊரைத் தேடி வருகிறார். ரகசியத்தைத் தனியே காக்கலாம். பாதையைச் சேர்ந்துதான் போட முடியும்!