ஜார்ஜ் கஃப் ஆர்பத்நாட்

சர் ஜார்ஜ் கஃப் ஆர்பத்நாட் (ஆகஸ்ட் 28, 1848 – மே 3, 1929) சென்னையில் தொழில் நடத்திய பிரித்தானிய வணிகரும் வங்கியாளரும் ஆவார். ஆர்பத்நாட் அண்ட் கம்பெனி என்னும் வணிக வங்கிக்குத் தலைமை வகித்தார். 1906 இல் ஏற்பட்ட இவ்வங்கியின் வீழ்ச்சியே இந்தியன் வங்கி தோன்றக் காரணமாயிற்று.

நிறுவனம்

1810 இல் பிரான்சிஸ் லட்டூர் அண்ட் கம்பெனி என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பின்னர் ஆர்பத்நாட் குடும்பத்தின் பெயரைப் பெற்றது. 19 ஆம் நூற்றாண்டுச் சென்னையில் பாரி, பின்னி ஆகியவற்றுடன் சேர்த்து முதன்மையான மூன்று ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றாக இது எண்ணப்பட்டது. வணிகத்துடன் பொதுமக்களிடமிருந்து வட்டிக்கு வைப்புத்தொகையும் பெற்றது. ஐரோப்பியரும் இந்தியரும் இதில் தம் சேமிப்பை வைத்திருந்தனர். ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 1901 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.

வீழ்ச்சி

ஆர்பத்நாட் நிறுவனம் கூட்டாளிகளுக்குச் சொந்தமான தனியார் வணிகமாகவே இயங்கியது. பணம் வைத்தவர்களுக்கு அதன் உண்மையான நிதிநிலையை அறிய வழி இல்லை. நிறுவனத்தின் நற்பெயரை நம்பியே அவர்கள் பணம் கொடுத்தனர். இலண்டனில் தொடர்பு நிறுவனத்தை நடத்திய கூட்டாளி பாட்ரிக் மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பெரும் இழப்புகளைச் சந்தித்தார். 1906 அக்டோபரில் அவர் இலண்டனில் தற்கொலை செய்துகொண்டார். அதனையடுத்து அக்டோபர் 22 அன்று சென்னை நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர்.

வழக்கும் தண்டனையும்

கடன் கொடுத்தவர்கள் சார்பில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் வாதாடினார். ஆர்பத்நாட் மீது மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. குற்றம் உறுதியானதால் அவருக்குப் 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அரசின் உயர் மதிப்பைப் பெற்றிருந்த ஆங்கிலேயர் ஒருவர் இவ்வாறு சிறை சென்றது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும். அவர் 1929 இல் காலமானார்.

விளைவுகள்

ஆங்கிலேய நிறுவனங்களின் மீதிருந்த நம்பிக்கை இவ்வீழ்ச்சியால் குலைந்தது. சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்த அக்காலத்தில், இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்ற கருத்தைக் கிருஷ்ணசுவாமி ஐயர் முன்வைத்தார். நகரத்தார் வணிகர்களும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். இதன் பயனாக இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. இது கூட்டாளிகளின் தனி உடைமையாக அமையாமல், பங்குதாரர்களைக் கொண்ட கூட்டுப்பங்கு வங்கியாக அமைந்தது. 1969 இல் நாட்டுடைமையாக்கப்பட்டது.

வைப்பாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பு மிகவும் பிற்பட்டே வந்தது. 1935 இல் இந்திய ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது. 1949 இல் வங்கிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. வைப்புத்தொகைக் காப்பீடு 1962 இல் நடைமுறைக்கு வந்தது. ஆர்பத்நாட் வங்கியில் பணம் வைத்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை.