எண்ணெய் ஆய்ந்த ஏந்தல் பட்நாகர்

அறிவும் ஈகையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோர் உலகில் சிலரே. அச்சிலருள் ஒருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் 1894 பிப்ரவரி 21-இல் பிறந்த அவர், எட்டுத் திங்களிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்து, லாகூரில் பயின்று, இலண்டனில் 1921-இல் முனைவரானார்.

கொழுப்பமிலங்களின் உலோக உப்புகள் எண்ணெயில் எவ்வாறு கரைகின்றன, அதனால் எண்ணெயின் பரப்பு இழுவிசை எவ்வாறு மாறுகிறது என்பதே அவர்தம் ஆய்வுப் பொருள். சிறிதளவு பொருள் பேரளவு நீர்மத்தின் இயல்பையே மாற்றவல்லது என்னும் உண்மை, பின்னாளிலும் அவருக்குத் துணைநின்றது.

லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராய் விளங்கிய காலத்தில், அட்டாக் எண்ணெய்க் குழுமத்தார்க்கு ஓர் இடர் நேர்ந்தது. கிணறு துளையிடச் செலுத்திய சேறு, உப்புநீர் பட்டதும் இறுகிப் பணியைத் தடுத்தது. பட்நாகர் நம் நாட்டுப் பிசினைச் சேற்றில் கலக்கச் செய்தார். சேறு இளகிற்று, பணி தொடர்ந்தது.

மகிழ்ந்த ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார், பெட்ரோலிய ஆய்வுக்கென ஒன்றரை இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தனர். தந்தையின்றி வளர்ந்தவர்க்கு அஃது எத்துணைப் பெருஞ்செல்வம்! ஆயினும் அதனைத் தமதாக்கிக் கொள்ளாது, பல்கலைக்கழகத்தின் வழியே ஆய்வுக்கு ஆக்கினார். மெழுகின் வாடையகற்றல், மண்ணெண்ணெய்ச் சுடரை உயர்த்தல் முதலிய ஆய்வுகள் அங்கு நிகழ்ந்தன.

1942-இல் தோன்றிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராகி, ஆய்வகங்கள் பலவற்றை நாடெங்கும் நிறுவினார். 1953-இல் திறக்கப்பெற்ற நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் அவற்றுள் ஒன்று. உருதுக் கவிஞராகவும் திகழ்ந்த அவர், மறைந்த துணைவியார் லாஜவந்தியின் பெயரையே தம் கவிதை நூலுக்குச் சூட்டினார். 1955 ஜனவரி முதல் நாளில் மறைந்தார்.

இன்று கனத்த கச்சா எண்ணெயை இலேசாக்க, எண்ணெயில் கரையும் உலோகச் சேர்மங்களை அதனுள் இட்டு, வெப்பத்தாலும் ஹைட்ரஜனாலும் நானோ துகள்களாக்கி, வினையூக்கிகளாய்ப் பயன்படுத்தும் முறையை அறிஞர்கள் ஆய்ந்து வருகின்றனர். இளமையில் பட்நாகர் ஆய்ந்த பொருளுக்கு இஃது அண்மையதே.

கடலூருக்குத் தெற்கே எழுந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையை 2011-இல் ‘தானே’ புயல் சிதைத்ததையும், பணி நின்றதையும் நாம் அறிவோம். ஆலை நின்றாலும் ஆய்வு நிற்றல் வேண்டா. கடலூரிலும் சிதம்பரத்திலும் வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள், பட்நாகரின் நுண்ணறிவோடு அவர்தம் ஈகையையும் கைக்கொள்வார்களாக! கல்வி தனியொருவர் உடைமையன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை நாம் மறவாதிருப்போம்.