ஓநாயைச் சுட்டவர் கற்ற பாடம்



ஒரு காட்டில் மான்கள் பெருக வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? மானைத் தின்னும் ஓநாய்களை ஒழித்துவிட்டால் போதும் என்று உங்களில் சிலர் சொல்லலாம். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, படித்த பெரியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களில் ஒருவர், தான் நினைத்தது தவறு என்று பின்னாளில் உணர்ந்து, அதை ஊரறிய ஒப்புக்கொண்டார். அவர்தான் ஆல்டோ லியோபோல்ட். வனவிலங்குகளைப் பேணும் கலையை அமெரிக்காவில் ஒரு தனிப் படிப்பாக்கிய மேதை.

லியோபோல்ட் 1887-ம் ஆண்டு ஜனவரி 11-ம் தேதி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் நகரில் பிறந்தார். ஊரை ஒட்டியே மிசிசிப்பி ஆறு ஓடியது. சிறுவன் ஆல்டோ ஆற்றங்கரையிலும் காட்டிலும் அலைந்து, பறவைகளைப் பார்த்துக் குறித்து வைப்பான். அந்த ஆர்வம், அவரை யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படிக்க வைத்தது. 1909-ல் படிப்பை முடித்ததும், அரிசோனா மலைக்காடுகளில் வனத்துறை வேலை கிடைத்தது. அப்போது வயது 22.

ஒருநாள் அவரும் நண்பர்களும் ஒரு பாறை விளிம்பில் அமர்ந்து மதிய உணவு சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். கீழே ஆற்றைக் கடந்து ஒரு தாய் ஓநாய் வந்தது. அதன் குட்டிகள் வாலை ஆட்டியபடி ஓடிவந்து தாயை வரவேற்றன. எல்லாரும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார்கள். லியோபோல்ட் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, தாய் ஓநாயின் உயிர் பிரிந்து கொண்டிருந்தது. அதன் கண்களில் இருந்த பச்சை ஒளி, மெல்ல மெல்ல அணைந்தது. அந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனாலும், ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்ற எண்ணம் உடனே மாறிவிடவில்லை. மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் ஓநாய்களையும் மலைச் சிங்கங்களையும் வேட்டைக்காரர்கள் கொன்று குவித்தார்கள். மான்கள் ஏராளமாகப் பெருகின. பெருகிய மான்கள் செடிகொடிகளையும் மரக்கன்றுகளையும் மொட்டையாக்கின. 1920-களின் நடுவில் வந்த குளிர்காலங்களில், தின்ன எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன.

1936-ல் லியோபோல்ட் மெக்சிகோவின் மலைக்காடு ஒன்றுக்குப் போனார. அங்கே ஓநாயும் மலைச் சிங்கமும் இருந்தன. மான்களும் நிறைய இருந்தன. காடோ செழிப்பாக இருந்தது! அவருக்கு உண்மை பளிச்சென்று விளங்கியது. எத்தனை மான் வாழலாம் என்பது, காடு எத்தனை மானுக்குச் சோறு போட முடியும் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கு மீறாமல் ஓநாய் பார்த்துக் கொள்கிறது.

காடை சொன்ன கணக்கு

இதற்கிடையில், 1933-ல் லியோபோல்ட் ஒரு பாடநூல் எழுதினார். அதே ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அந்த நூலில் காடையைப் பற்றி அருமையான விளக்கம் உண்டு.

காடை வெகுதூரம் அலையாத பறவை. அதற்குத் தானிய வயல், புல்வெளி, புதர், மரத்தோப்பு எல்லாம் கூப்பிடு தூரத்தில் வேண்டும். ஒரு தாளை எடுங்கள். பெரிய சதுரம் வரைந்து, நான்கு கட்டமாகப் பிரியுங்கள். வயல், புல், புதர், தோப்பு என்று ஆளுக்கு ஒரு கட்டம். நான்கும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். இப்போது அதே சதுரத்தை 16 சிறு கட்டங்களாக்கி, நான்கையும் அதே வரிசையில் மாற்றி மாற்றி நிரப்புங்கள். நான்கும் சந்திக்கும் இடங்கள் 9 ஆகிவிடும்!

நிலத்தின் பரப்பு மாறவில்லை. ஆனால், காடைக் கூட்டங்களுக்கு வசதியான இடம் பெருகிவிட்டது. விலங்கு எவ்வளவு தூரம் நடமாடும், அந்தத் தூரத்துக்குள் அதற்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் லியோபோல்ட்.

65290 என்ற குருவி

1935-ல் அவர் விஸ்கான்சின் ஆற்றங்கரையில், சத்தெல்லாம் வற்றிப்போன ஒரு மணல் பண்ணையை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்தது ஒரு பழைய கோழிக் கொட்டகைதான். மனைவி எஸ்டெல்லா, ஐந்து பிள்ளைகளுடன் வாரக்கடைசியில் அங்கே போவார். கொட்டகையைச் செப்பனிட்டுத் தங்குவார்கள். முதலில் நட்ட பைன் கன்றுகள் வறட்சியில் கருகின. ஆனாலும் விடாமல் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நட்டார்கள்.

குளிர்காலத்தில், சிக்கடி என்ற சின்னஞ்சிறு குருவிகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். 10 ஆண்டுகளில் 97 குருவிகளுக்கு வளையம் போட்டார்கள். அவற்றில் 67 குருவிகள் முதல் குளிர்காலத்துக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. ஐந்து குளிர்காலம் தாண்டியது ஒன்றே ஒன்று. அதன் எண் 65290! குளிர்ந்த காற்று வீசும் வெட்டவெளி, சிறு குருவிக்கு எமன் என்பதை லியோபோல்ட் கவனித்து எழுதினார்.

கண்ணில் படாத குருவிகள் எல்லாம் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. சில வேறு தோப்புக்கும் போயிருக்கலாம். இறப்பு வேறு, இடம்பெயர்வு வேறு. இன்றைய விஞ்ஞானிகள் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள்.

ஊரே எதிர்த்தபோது

1943-ல் விஸ்கான்சின் மாநில இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் லியோபோல்ட் உறுப்பினர் ஆனார். அந்த மாநிலத்திலும் மான்கள் மிதமிஞ்சிப் பெருகியிருந்தன. பனிக்காலத்தில் அவை வழக்கமான சதுப்புக் காடுகளிலேயே கூடி, கிடைத்ததைத் தின்று, பட்டினியால் மடிந்தன. தீவனம் போட்டால் போதும் என்றார்கள் மக்கள். தீவனம் போட்டால் மான் இன்னும் பெருகும், காடு இன்னும் அழியும் என்று லியோபோல்ட் எடுத்துச் சொன்னார். பெண் மான்கள் உள்பட எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார்.

மானைக் கொல்லச் சொல்கிறாரே என்று பலரும் கொதித்தார்கள். பத்திரிகைகளில் திட்டினார்கள். இனிமையாகப் பேசிப் பெயர் வாங்குவது அவருக்குச் சுலபம்தான். ஆனால், மனதுக்குச் சரி என்று பட்டதை அவர் மாற்றிக் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு, 1944-ல், தான் ஓநாயைச் சுட்ட கதையையும் எழுதினார். மற்றவர் தவறைச் சொல்லுமுன் தன் தவறைச் சொன்னார்!

1948 ஏப்ரல் 21-ம் தேதி பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடித்தது. அணைக்க ஓடிய லியோபோல்ட், மாரடைப்பால் அங்கேயே உயிர் துறந்தார். வயது 61. அதற்கு ஒரு வாரம் முன்புதான், அவரது கட்டுரைத் தொகுப்பை வெளியிடப் பதிப்பகம் சம்மதித்திருந்தது. 1949-ல் வெளிவந்த ‘ஏ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ என்ற அந்தப் புத்தகம், 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

விஸ்கான்சினில் 1960-ஐ ஒட்டி ஓநாய்கள் அடியோடு அழிந்துபோயின. யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆனால், 1970-களின் நடுவில் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து ஓநாய்கள் தாமாகவே நடந்து வந்தன. வரும் வழியில் காடு இருந்தது. வந்த இடத்தில் இரை இருந்தது. சட்டமும் காத்தது. இன்று அங்கே பல நூறு ஓநாய்கள் வாழ்கின்றன.

அரிசோனாவுக்கு அப்படி நடந்து வர, அருகில் ஓநாயே மிஞ்சவில்லை. அதனால் கூண்டில் வளர்த்த ஓநாய்களை, 1998-ல் அங்குள்ள மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். லியோபோல்ட் இளம் வயதில் வேலை பார்த்த அதே அப்பாச்சி காடு அது.

குழந்தைகளே, தவறு செய்யாத மனிதர் இல்லை. தவறு என்று தெரிந்ததும் திருத்திக் கொள்பவரே பெரியவர். லியோபோல்ட் அப்படிப்பட்ட பெரியவர்!