கீபோர்டில் 12 கட்டைதான்... 24 சுருதி கேட்ட ஆபிரகாம் பண்டிதர் யார்?

போன்ல இருக்கிற பியானோ ஆப்பைத் திறந்தாலும், கடையில் கீபோர்டு வாங்கினாலும் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைதான். நம்ம இசைக்கு 24 சுருதி என்று நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வாதாடியவர் ஆபிரகாம் பண்டிதர்.

யார் இவர்?

1859-ல் தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர், பிறகு தஞ்சாவூரில் சித்த மருத்துவர். மருத்துவத்தில் சம்பாதித்ததை இசைக்குச் செலவழித்தார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார்.

என்ன சொன்னார்?

சாரங்கதேவர் வழியில் 22 சுருதி என்பதே அன்று பலரின் கருத்து. பண்டிதர் ஏற்கவில்லை. ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரித்தார். அதாவது, அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவில் இன்னொரு சுருதி. 1916-ல் பரோடா மாநாட்டில் மகள்களோடு போய் இதை விளக்கினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியானது. 1919-ல் மறைந்தார். விவாதம் மட்டும் முடியலை.

இப்போ ஏன் முக்கியம்?

கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-ல் வந்த 'மிடி' முறை, 12 கட்டையை வைத்தே உருவானது. 2020-ல் வந்த மிடி 2.0, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, நுணுக்கமாக நகர்த்த விடுகிறது. இனி கருவி தடையில்லை. 22-ஆ, 24-ஆ, எந்தக் கணக்கை அதில் ஏற்றப்போகிறோம் என்பதுதான் கேள்வி. அதை நாம முடிவு பண்ணலைன்னா, 12 கட்டையே தொடரும்.