நட்பிற்கு விதித்த தண்டனை

நட்பிற்கு எடுத்துக்காட்டாகப் பிசிராந்தையாரைப் போற்றுவது நம் மரபு. முன்பு நேரிற் காணாத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்திற்குச் சென்று, தாமும் உயிர் துறந்தவர் அவர். அந்த நட்பு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு வ. உ. சிதம்பரனாரின் வாழ்வு சான்றாகும்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தூத்துக்குடியில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இழப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். சிவாவுக்கு அப்போது அகவை 23, சிதம்பரனாருக்கு 35. சிவாவின் சொற்கள் கனலாய்ச் சுட்டன; ஆட்சியாளர் சினம் கொண்டனர். அத்தகையவருக்கு இடமளிப்பதன் விளைவைச் சட்டம் கற்றவர் அறியாதவர் அல்லர். அறிந்தே தம் இல்லத்தில் தங்கவைத்து உணவளித்தார். மேடைதோறும் உடன் நின்றார். கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திலும் இருவரும் இணைந்தே நின்றனர்.

மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு. சிதம்பரனாருக்கோ அரச நிந்தனைக்காக இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மேலும் இருபதாண்டு. அன்று விதித்த தண்டனையில் சரிபாதி, நண்பருக்குத் துணை நின்றதற்கான விலை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, துன்பம் குறையவில்லை. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் வாடினார். 1912இல் வெளிவந்தபோது கப்பலும் இல்லை. வழக்காடும் உரிமையும் இல்லை. வறுமையினூடே தமிழ்ப்பணி ஆற்றினார். திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். சிறை தந்த தொழுநோயோடு நாட்டுப்பணி செய்த சிவா, 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். சிதம்பரனார் 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் கண்மூடினார்.

வென்றவனோடு நிற்பதற்கு வீரம் வேண்டுவதில்லை. அரசு தேடும் ஒருவனுக்குக் கதவைத் திறந்து இலை போடுவதற்கு அது வேண்டும். கப்பலோட்டியவர் என்று அவரைப் புகழும் நாம், சோறிட்டதையே குற்றமாக்கிய அத்தீர்ப்பையும் மறத்தலாகாது. பகைவர் கையாலேயே எழுதப்பட்ட நட்பின் பட்டயம் அது.